கோச்சுக்கு அடித்த ஃப்ளெக்ஸ்கள்

மார்ச் 11, திங்கள்

பூட்டு புதிது. விலைச் சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை. காலை ஐந்தே முக்காலுக்குக் கல்லூரி மைதானத்தின் பக்கவாட்டுக் கேட்டில் அது தொங்கிக்கொண்டிருந்தது. நான் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றேன்.

வாட்ச்மேன் சடையாண்டி டீ டம்ளரோடு வந்தார்.

"கோச் இல்ல பாப்பா. நேத்தே வேலைய விட்டு அனுப்பிச்சுட்டாங்க. இனிமே இந்தக் கேட்டு தொறக்க மாட்டாக."

திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்தேன், எட்டுக் குடம். அம்மா மில்லுக்குக் கிளம்பும்போது, "என்னடி இன்னைக்கு வேர்க்கவே இல்ல?" என்றாள். தலைவலி என்றேன்.

எழுதிவிடுகிறேன். கோச் ஞானதுரை இந்த ஊர்க் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு இருபத்திரண்டு வருடங்கள் கோச்சாக இருந்தவர். அவர் எனக்கு எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. தினமும் ஐந்தரைக்கு வந்து பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துவிட்டு மைதானத்தைச் சுற்றி நடப்பார். ஆறரைக்கு அவருடைய பையன்கள் வருவார்கள். நடுவில் இருக்கும் நேரம் என்னுடையது. ஒரு ரிங், ஒரு பந்து, நான். ஆறு இருபத்தைந்துக்கு நான் கிளம்பிவிடுவேன். ஒன்றரை வருடமாக இப்படித்தான். பத்தாவது வரை பள்ளி அணியில் ஆடினேன். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு ஊருக்கு பஸ்ஸில் போக வேண்டும். இரண்டு வாரம் போனேன். பிறகு போகவில்லை. அதற்கும் தலைவலி என்றுதான் சொன்னேன்.

எனக்குப் பேச வராது. ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று பத்துப் பந்து போட்டால் எட்டு உள்ளே விழும். பெருமைக்குச் சொல்லவில்லை, எண்ணியிருக்கிறேன்.

இனி நேர்மையாக ஒன்று. கோச்சை அனுப்பியதில் என் கையும் இருக்கிறது.

நான் சிராஜ் டிஜிட்டல்ஸில் வேலை பார்க்கிறேன். ஃப்ளெக்ஸ் டிசைன். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர், அதன் முன்னால் நான். ஆர்டர் எடுப்பது சிராஜ் அண்ணன். அவர் தடுப்பைத் தட்டி என்ன வேண்டும் என்று சொல்லுவார், நான் செய்வேன். யாராவது எட்டிப் பார்த்தால், "உள்ள இருக்கிறது ஆளில்லப்பா, மெஷினு. பேசாது, வேல பாக்கும்" என்பார். அது எனக்கு வசதிதான்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு எங்கள் மைதானத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். குமரன்பட்டிக் கல்லூரியிடம் 61-62 என்று தோற்றோம். ஒரே ஒரு புள்ளி. கடைசிக் குவார்ட்டர் முழுவதும் எங்கள் நல்ல ஆட்டக்காரன் கௌசிக்கைக் கோச் வெளியே உட்கார வைத்துவிட்டார். கேலரி கொதித்தது. எங்கள் ஊரில் கிழக்குப் படிக்கட்டு ரசிகர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அதற்குத் தலைவர் ஆட்டோ ஓட்டும் பரமன் அண்ணன். மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார்கள். "கோச்சை மாற்று" என்று பத்துக்கு எட்டு அடியில் ஒரு ஃப்ளெக்ஸ்.

நான் மஞ்சள் எழுத்து, கறுப்பு விளிம்பு வைத்தேன். பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியிலிருந்து படிக்கலாம். கீழே யார் பெயரைப் போட என்று சிராஜ் அண்ணன் கேட்டதற்கு, "பேரெல்லாம் வேணாம்ணே, பொதுவா ரசிகர்கள்னு போட்ருங்க" என்றார் பரமன் அண்ணன்.

நேற்றுக் கோச்சுக்குக் கொடுத்த கடிதத்தில், ரசிகர்களின் வேண்டுகோளை ஏற்று அவரை விடுவிப்பதாகக் கல்லூரித் தாளாளர் வேங்கடபதி எழுதியிருக்கிறாராம்.

கௌசிக் தாளாளரின் அக்கா மகன். அவனை ஏன் உட்கார வைத்தார் என்பது எனக்குத் தெரியும். நான் கேலரியின் கடைசிப் படியில், வீரர்கள் பெஞ்சுக்கு நேர் பின்னால் உட்காருவேன். மூன்றாவது குவார்ட்டரில் பந்தை நழுவவிட்ட முதல் வருடப் பையனைப் பெஞ்சுக்குப் பின்னால் இழுத்துப் போய் கௌசிக் கன்னத்தில் அறைந்தான். கோச் பார்த்தார். நானும் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

காலையில் ஒரு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா. காதுகுத்துக் குழந்தை போட்டோவில் அழுதுகொண்டிருந்தது. பழைய ஃபைலில் இருந்த வேறொரு குழந்தையின் சிரிப்பை எடுத்து ஒட்டினேன். பொருந்திவிட்டது. பெற்றவர்களுக்கே தெரியாது.

பதினொரு மணிக்குக் கிழக்குப் படிக்கட்டு மொத்தமும் கடைக்குள் வந்தது. தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பரமன் அண்ணனின் கண் சிவந்திருந்தது. ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் வில்லாயுதம் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இருவத்திரண்டு வருசம்ணே," என்றார் பரமன் அண்ணன். "ஒரு மனுசன ஒரு பேப்பர்ல அனுப்பிச்சுட்டான்."

"நீங்கதானப்பா மாத்தச் சொன்னீங்க?" என்றார் சிராஜ் அண்ணன்.

"அது தோத்த வேகத்துல சொல்றது! வீட்டுல பொண்டாட்டிய, போயி உங்க ஆத்தா வீட்டுல இருன்னு சொல்றதில்லையா? சொன்னா போயிருவாளா?"

"எங்க வீட்டுல போயிட்டா," என்றார் வில்லாயுதம், துண்டுக்குள்ளிருந்து.

யாரோ சிரித்தார்கள். பரமன் அண்ணன் முறைத்தார்.

அவர்களுக்கு வேண்டியது இன்னொரு ஃப்ளெக்ஸ். பன்னிரண்டுக்குப் பத்து. கோச்சின் படம் பெரிதாக. மேலே "கோச் ஞானதுரை" என்று மட்டும். கீழே "கண்ணீருடன், கிழக்குப் படிக்கட்டு ரசிகர்கள்". இந்தத் தடவை எல்லோருக்கும் அவரவர் படம் வேண்டுமாம். முப்பத்து நான்கு பேர். வாட்ஸப்பில் வந்துகொண்டே இருந்தன, கூலிங் கிளாஸ் போட்டவை, பைக் மேல் உட்கார்ந்தவை, ஒன்றில் மாப்பிள்ளைக் கோலம்.

கோச்சின் படத்தைக் கலரில் ஏற்றிக் காட்டினேன். கையில் விசில், பின்னால் கேலரி. நல்ல படம். சிராஜ் அண்ணன் மானிட்டரைத் திருப்பி அவர்களுக்குக் காட்டினார்.

"கலர் வேணாம்ணே," என்றார் பரமன் அண்ணன். "நாங்க கொண்டாட்டத்துலயா இருக்கோம்? கறுப்பு வெள்ளையாக்குங்க. மனசு எப்படி இருக்கோ அப்படி இருக்கணும்."

"பொகை மாதிரி ஓரத்துல மங்கலா வையிங்க," என்றார் இன்னொருவர்.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்குக் கலர், கட்சிக்குக் கலர், பிறந்தநாளுக்குக் கலர். கறுப்பு வெள்ளையில் ஒருவர் ஏறுகிறார் என்றால் அவர் வீட்டில் சாவுப் பந்தல் போட்டாகிவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்றுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். தடுப்பைத் தாண்டினால் முப்பது பேர். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

கறுப்பு வெள்ளை ஆக்கினேன். ஓரத்தை மங்கலாக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். விளக்கெல்லாம் வைக்கவில்லை.

ஊருக்கும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று நான் நினைக்கவில்லை.

மார்ச் 13, புதன்

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டார்கள். பிரிண்ட் சுத்தமாக வந்திருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. காலை ஆறு மணிக்குக் கேட்டுக்குப் போனேன். பூட்டு அப்படியே இருந்தது. திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தால் என் ஃப்ளெக்ஸின் கீழே இரண்டு மாலை கிடக்கிறது. ஒரு பாட்டி வாயில் முந்தானையை வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன வயசாம்?" என்று என்னிடம் கேட்டாள்.

கோச் வீடு தபால் ஆபீஸ் தெருவில். ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், பந்தோடு. வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் மொபெட்டில் மாலையோடு வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் அழுதார். யாரும் உள்ளே போகவில்லை. வீட்டார் கதவைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

நான் சந்து வழியாகக் கொல்லைப்புறம் போனேன். ஏன் அவ்வளவு துணிச்சல் வந்தது என்று இப்போதும் புரியவில்லை. செய்த வேலை என்னுடையது, அதனால் இருக்கும்.

கோச் பனியனும் கைலியுமாக முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார்," என்றேன்.

"என்னம்மா?"

"வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க சார். நீங்க செத்துட்டீங்கன்னு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். உள்ளே பார்த்து, "ஜெசிந்தா, அதான் பால்காரன் பால் ஊத்தாமப் போயிட்டான்" என்றார்.

அவர் மனைவி வெளியே வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்பு வெள்ளையைச் சொன்னேன். அதற்கு முந்தைய மஞ்சள் எழுத்தையும் சொன்னேன். இரண்டும் நான்தான் என்றேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் பேசிய அதிகமான பேச்சு அதுதான்.

"அந்த மஞ்ச எழுத்து நல்லா இருந்துச்சும்மா," என்றார் கோச். "தூரத்துலருந்தே படிச்சேன்."

அவர் கோபப்பட்டிருக்கலாம். அது லேசாக இருந்திருக்கும்.

"நான் போயி அவங்ககிட்ட சொல்லி அனுப்பிச்சிரட்டுமா சார்?"

"இரும்மா. ஒரு அஞ்சு நிமிசம்." அவர் வேலி இடுக்கு வழியாக வாசலை எட்டிப் பார்த்தார். "யாரு யாரு வந்திருக்காங்கன்னு பாத்துக்கிறேன். இந்த சான்சு எல்லாருக்கும் கெடைக்காது."

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்றார் அவர் மனைவி. ஆனால் அவரும் எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் கார் வந்தது. தாளாளர் வேங்கடபதி இறங்கினார். கூட இரண்டு பேராசிரியர்கள், ஆளுயர ரோஜா மாலை. லோக்கல் கேபிள்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். பரமன் அண்ணனும் அதற்குள் வந்துவிட்டார். அவருக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. தான் கட்டிய ஃப்ளெக்ஸை மறந்துவிட்டு, கோச் உண்மையிலேயே போய்விட்டார் என்று நம்பி, தலையில் அடித்துக்கொண்டார்.

தாளாளர் செல்போனைப் பார்த்துப் பேசினார். "எங்க கல்லூரிக்கு இது ஈடுகட்ட முடியாத இழப்பு. நேர்மைன்னா ஞானதுரை. ஒழுக்கம்னா ஞானதுரை. இவர் மாதிரி ஒரு கோச் இனிமே பொறந்துதான் வரணும்."

கோச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்கதவைத் திறந்தார்.

ஹெல்மெட்காரர் "அய்யோ" என்றார்.

"மாலையக் குடுங்க சார்," என்றார் கோச். "ரொம்ப நேரமாத் தூக்கிட்டு நிக்கிறீங்க, கனமா இருக்கும்."

பரமன் அண்ணன் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். விசில் பறந்தது. தாளாளரின் முகத்தை என்னால் எந்தக் கலரிலும் அச்சடிக்க முடியாது.

"அய்யா இப்பச் சொன்னதெல்லாம் ரெக்கார்டு ஆயிருக்குய்யா," என்று கத்தினார் பரமன் அண்ணன். "ஒழுக்கம்னா யாரு? நேர்மைன்னா யாரு? வேலையத் திருப்பிக் குடுங்க!"

"திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க ஞானதுரை, பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டுத் தாளாளர் காரில் ஏறினார். மாலை கோச்சிடமே தங்கிவிட்டது.

நான் சந்து வழியாகவே கிளம்பினேன். கோச் பின்னால் கூப்பிட்டார்.

"காலைல பந்து போடுற பொண்ணு நீதான?"

தலையாட்டினேன்.

"கேட்டப் பூட்டிட்டாங்களாமே?"

தலையாட்டினேன். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 15, வெள்ளி

சிராஜ் அண்ணன் திட்டினார். ஆனால் பாதித் திட்டில் சிரித்துவிட்டார். "ஒனக்குத் தெரியாமயா இருந்துச்சு? ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டார். சொல்ல நினைத்தேன் அண்ணா என்றேன். "நெனச்சா எனக்கு எப்படிக் கேக்கும்?" என்றார்.

நியாயம்தான்.

ஐந்து நாளாகப் பந்து போடவில்லை. வலது கை எதையோ மறந்துவிட்டு வந்தது போல இருக்கிறது. வீட்டுச் சுவரில் எறிந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா, சுவர் இடிகிறது என்று சண்டைக்கு வந்தாள். திங்கட்கிழமை கோச் திரும்பிவிடுவார். செவ்வாய்க்கிழமை கேட் திறந்துவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 18, திங்கள்

கோச்சைப் பத்து மணிக்கு வரச் சொன்னார்களாம். இரண்டரை வரை ஆபீஸ் வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டு, திரும்ப எடுத்துக்கொள்கிறோம், ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ஐந்து பேரில் கௌசிக் இருக்க வேண்டும் என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கோச் பேனாவைத் தாளாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாராம்.

கல்லூரி பியூன் விசிட்டிங் கார்டு வாங்க வந்தபோது சிராஜ் அண்ணனிடம் சொன்னது இது. நான் தடுப்புக்குப் பின்னால் பங்குனி உத்திரத்துக்கு ஒரு முருகன் படத்தைத் திரையில் வெட்டியெடுத்துக்கொண்டிருந்தேன். வேலின் நுனி போய்விட்டது. மறுபடி வெட்டினேன்.

மார்ச் 20, புதன்

பூட்டின் விலைச் சீட்டு மழையில் ஊறிக் கழன்றுவிட்டது. பூட்டு இருக்கிறது.

மார்ச் 23, சனி

குமரன்பட்டிக் கல்லூரி கோச்சை எடுத்துக்கொண்டது. எங்களை ஒரு புள்ளியில் தோற்கடித்த அதே கல்லூரி. காலையிலேயே படம் எல்லோர் போனிலும் வந்துவிட்டது. பச்சை டீ ஷர்ட்டில் கோச், கழுத்தில் விசில். சிரித்துக்கொண்டிருக்கிறார். கலர்ப் படம்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு குமரன்பட்டி பதினெட்டு கிலோமீட்டர் என்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கேட்டை இனி அவர் திறக்கப்போவதில்லை.

பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள் என்று இப்போது எனக்கே பழகிவிட்டது.

"சிராஜ் அண்ணே, இருவதுக்குப் பத்து," என்றார் பரமன் அண்ணன். "துரோகி ஞானதுரை. அந்தப் பச்சச் சட்டை போட்டோவ வையிங்க. மூஞ்சில ஒரு பெருக்கல் போடுங்க, செவப்புல."

"போன வாரந்தான அழுதீங்க?" என்றார் சிராஜ் அண்ணன்.

"அழுதோம்ல? அந்தக் கண்ணீருக்கு மரியாத வேணாமா? வேற எங்கயாவது போயிருந்தா வாழ்த்தி அனுப்பியிருப்போம். குமரன்பட்டிக்கா போறது? அவன் மாலையோட செத்தே போயிருந்திருக்கலாம்."

வில்லாயுதம், "அப்படியெல்லாம் சொல்லாதப்பா" என்றார். பரமன் அண்ணன், "நீ சும்மா இரு பெருசு" என்றார்.

சிராஜ் அண்ணன் தடுப்பைத் தட்டினார். இரண்டு தட்டு. வேலை ஆரம்பி என்று அர்த்தம்.

நான் எழுந்தேன். தடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன். பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். எண்ணவில்லை.

"நான் அடிக்க மாட்டேண்ணே," என்றேன்.

"யாரிது?" என்றார் பரமன் அண்ணன். "ஏய், இது பேசுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடியும்வரை நின்றேன். ஓட வேண்டும் போல இருந்தது, ஓடவில்லை.

"மாத்துன்னு சொன்னது நீங்க. அத அடிச்சது நானு. கறுப்பு வெள்ளை கேட்டது நீங்க. அதையும் நாந்தான் அடிச்சேன். ரெண்டு தடவையும் எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லல. இப்பச் சொல்றேன். கௌசிக்க ஏன் உக்கார வச்சாருன்னு தெரியுமாண்ணே உங்களுக்கு?"

பெஞ்சுக்குப் பின்னால் பார்த்ததைச் சொன்னேன். முதல் வருடப் பையன், அறை, கோச் அதைப் பார்த்தது, எல்லாவற்றையும்.

"இத ஏன் அன்னைக்கே அவரு சொல்லல?" என்றார் பரமன் அண்ணன்.

"அந்தப் பையன் அடி வாங்குனது ஊருக்கெல்லாம் தெரிய வேணாம்னு இருந்திருப்பாரு."

"அதுக்காகக் குமரன்பட்டிக்குப் போவாரா?"

"வேல குடுத்தது அவங்கதான். நீங்க ஃப்ளெக்ஸ்தான குடுத்தீங்க."

வில்லாயுதம் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அது அழுகை இல்லை.

பரமன் அண்ணனின் முகம் கறுத்தது. "சிராஜ் அண்ணே, கடையில யாரு மொதலாளி? நீங்களா இந்தப் பிள்ளையா? ஆர்டர் எடுக்குறீங்களா இல்லையா?"

சிராஜ் அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்தார். வியாபாரி. தானே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டு மூன்று வருடம் இருக்கும். முக்கால் மணி நேரம் முயன்றார். பெருக்கல் குறி கோச்சின் மூஞ்சியை விட்டுவிட்டு விசில்மேல் விழுந்தது. தலை ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமும் இருந்தன. கடைசியாகப் பச்சைச் சட்டை மஞ்சளாகிவிட்டது.

"இது யாருண்ணே?" என்றார் ஒருவர்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பரமன் அண்ணன் கடைசியாகப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "மெஷினுக்கு வாய் மொளச்சிருச்சு" என்றார்.

மதியம் சிராஜ் அண்ணன் பிரியாணி வாங்கித் தந்தார். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கு லெக் பீஸ்.

மார்ச் 26, செவ்வாய்

உத்திரம் முடிந்ததும் கடை காலியாகிவிட்டது. மதியம் ஒருவர் தனியாக வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். அந்தக் குனிவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புதுக் கோச். பெயர் இளம்பரிதி.

"எனக்கு வரவேற்பு ஃப்ளெக்ஸ் யாராச்சும் ஆர்டர் குடுத்தா எடுக்காதீங்கண்ணே," என்றார் சிராஜ் அண்ணனிடம். "இந்த ஊருக் கதையெல்லாம் கேள்விப்பட்டேன். இன்னைக்குக் கலர்ல போட்டா நாளைக்கு எப்படிப் போடுவாங்கன்னு தெரியல. என் மூஞ்சி இப்போதைக்கு வேணாம்."

சிராஜ் அண்ணன் சிரித்தார். புதுக் கோச் திரும்பிப் போய்விடுவார் என்று தெரிந்தது. நான் வெளியே வந்தேன். இந்தத் தடவை எழுந்திருக்க யோசிக்கவில்லை.

"சார், காலைல பக்கவாட்டுக் கேட்டத் தொறந்து வைப்பீங்களா?"

"எதுக்கும்மா?"

"விளையாட."

"யாரு?"

"நான்."

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. விரல் நுனிகளைப் பார்த்தார். பந்து பிடிக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"காலேஜ்ல படிக்கிறியா?"

"இல்ல சார். பத்தாவதோட நின்னுட்டேன்."

"வெளியாளுக்குத் தொறக்கக் கூடாதுன்னு எனக்கு மொத நாளே சொல்லிட்டாங்க. முன்னாடி இருந்தவரு தன் பொறுப்புல தொறந்து விட்டாரு. இருவத்திரண்டு வருச சர்வீசு. நான் வந்து ரெண்டு நாளாச்சு." கொஞ்சம் யோசித்தார். "ஒரு ஆளுக்காகத் தொறக்க முடியாது. பத்துப் பொண்ணுங்க இருந்தா, காலை வகுப்புன்னு ஆபீசுல நான் அனுமதி எழுதி வாங்கிடுவேன். அம்மா அப்பா கையெழுத்தோட ஒரு பேப்பர் வேணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள. முடியுமா?"

எனக்கு இந்த ஊரில் பத்துப் பெண்களோடு பழக்கம் கிடையாது. இரண்டு பேரோடுகூடக் கிடையாது.

"முடியும் சார்," என்றேன்.

அவர் போனதும் சிராஜ் அண்ணன், "பத்துப் பேருக்கு எங்கடி போவ?" என்றார். ஒரு ஏ4 தாளில் பத்துக் கட்டம் போட்டேன். பெயர், வயது, பெற்றோர் கையெழுத்து. எழுத்து அளவு பதினான்கு, அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. முதல் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். நாகஜோதி, பதினேழு. சாயங்காலம் அம்மாவிடம் நீட்டினேன். எதற்கு என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லவில்லை. விளையாட என்றேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 27, புதன்

யார் வீட்டில் உயரமான பெண் இருக்கிறாள் என்று காலையில் தண்ணீர்க் குழாயடியில் கேட்டேன். நான் கேட்டது பெண்களுக்கே ஆச்சரியம். "பரமன் மக சுபலட்சுமி. ஒம்பதாவதுதான் படிக்கிறா, கொடிக் கம்பத்துல பாதி இருப்பா" என்றார்கள்.

இந்த ஊரில் எத்தனையோ வீடு இருக்க, அந்த வீடா. சரி, கடினமானதை முதலில் முடித்துவிட்டால் மற்ற எட்டும் சுலபம்.

ஏழு மணிக்குப் போனேன். பரமன் அண்ணன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைப் பிழிந்தார்.

"என்ன? மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்லண்ணே. உங்க மகளக் கேக்க வந்தேன்."

"எதுக்கு?"

தாளைக் கொடுத்தேன். அவர் படித்தார். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் சீப்போடு வந்து கதவருகே நின்றாள். நிஜமாகவே உயரம். என் பார்வை தானாக அவள் கைகளுக்குப் போனது. நீளமான விரல்கள்.

"பொம்பளப் பிள்ளைங்க காலங்காத்தால அங்க போயி..." என்று ஆரம்பித்தார்.

"இருபது வருசமா கேலரியில உக்காந்து கத்துறீங்கண்ணே. உங்க வீட்டுல இருந்து ஒரு ஆளு உள்ள ஆடுனா நல்லா இருக்காதா?"

"அப்பா," என்றாள் சுபலட்சுமி, சீப்பைப் பிடித்துக்கொண்டே.

"நீ உள்ள போடி." அவள் போகவில்லை. அவர் தாளை மடிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. "எனக்கு ஸ்டாண்டுக்கு நேரமாச்சு. யோசிச்சு சொல்றேன், போ."

"சரிண்ணே, ஸ்டாண்டு வர்றதுக்குள்ள யோசிங்க," என்று சொல்லிவிட்டு, ஆட்டோவின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.